யாருடைய போரை ஆடுகின்றனர் நம் பிள்ளைகள்?

ஓரினம் எதனை உழுது உண்கின்றது என்பதைக் கொண்டு அதன் வாழ்வை அறியலாம். எதனை ஆடி மகிழ்கின்றது என்பதைக் கொண்டு அதன் உள்ளத்தை அறியலாம். உழைக்கும்பொழுது மாந்தன் பிறன் ஏவலுக்குக் கட்டுப்பட்டிருத்தல் கூடும். விளையாடும்பொழுதோ அவன் தன் விருப்பம் ஒன்றற்கே ஆட்பட்டு நிற்கின்றான். ஆகலின், ஓரினத்தின் ஆட்சியில் புகுந்த அயன்மையினும் அதன் ஆட்டத்தில் புகுந்த அயன்மை ஆழமாக வேரோடிவிடுகின்றது. ஆட்சியை ஒரு தேர்தலில் மாற்றிவிடலாம். ஒரு பிள்ளையின் கனவில் குடியேறிவிட்ட மறவனை அவ்வளவு எளிதில் வெளியேற்ற முடியாது.

கோவிற்பட்டியிலிருந்து எட்டையபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், கயத்தாறு, கழுகுமலை என எப்பக்கம் சென்றாலும் கண்ணுக்கெட்டிய மட்டும் கரிசல் நிலமே விரிந்து கிடக்கின்றது. வானத்தை நம்பிக் கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் விளைவிக்கும் நிலம். மழை பொய்த்தபொழுது தீப்பெட்டி அடைத்து உயிர்பிழைத்த மக்கள். இம் மண்ணின் ஊர் மந்தைகளில் மாலைதோறும் சடுகுடுவின் மூச்சொலியும் கிட்டிப்புள்ளின் அடியொலியும் கேட்ட காலம் ஒன்றிருந்தது. இன்று அதே மந்தையில், அதே வேப்பமரத்தடியில், இளைஞர்கள் வட்டமாக அமர்ந்திருக்கின்றனர். எவர் தலையும் நிமிரவில்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு திறன்பேசி. அவர்தம் வாயிலிருந்து இடையிடையே வெடிப்பவை ‘என்மி’, ‘கவர்’, ‘ரிலோடு’, ‘கில்’ என்னும் சொற்கள். கண்ணுக்கு அது நம் கரிசற்காட்டுச் சிற்றூர்; காதுக்கு அஃது ஓர் அயல்நாட்டுப் பாசறை.

‘வீடியோ கேம்’ என்று ஆங்கிலத்தில் வழங்கும் இதனை யாம் திரையாட்டம் என்போம். தனித்தமிழ் பேணும் இதழுக்குத் திரையாட்டத்தில் என்ன வேலை என்று வினவுவாரும் இருக்கலாம். நம் பிள்ளைகளின் பொழுது எங்கே செலவாகின்றதோ அங்கே நம் மொழிக்கு வேலையுண்டு என்பதே எம் விடை. கோயிலில் தமிழ் இல்லை என்று போராடினோம். வழக்குமன்றத்தில் தமிழ் இல்லை என்று போராடுகின்றோம். பிள்ளை நாள்தோறும் தானே விரும்பிச் சென்று பொழுது போக்கும் இடத்தில் தமிழ் உண்டா என்று இன்றளவும் நாம் கேட்கவில்லை.

முதற்கண் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக் கொள்ளல் வேண்டும். பணம் வைத்து ஆடும் இணையச் சூது வேறு. அதிரடித் திரையாட்டம் வேறு. முன்னது குடும்பங்களை அழித்த கொடுமை. அதனைத் தடுக்கத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022இல் சட்டம் இயற்றியது. ஆளுநர் அதனைத் திருப்பியனுப்பினார். 2023 மார்ச்சில் சட்டமன்றம் மீண்டும் இயற்றியபின்னரே ஏப்பிரலில் ஒப்புதல் கிடைத்தது. பின்னர், 2025 ஆகத்தில் இந்திய நாடாளுமன்றமும் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்யச் சட்டம் கொண்டுவந்தது. சூதினை யாம் ஒருபோதும் ஆட்டம் என்று ஒப்புக்கொள்வதில்லை. இங்கு யாம் பேசுவது, கண்ணும் கையும் கருத்தும் ஒன்றித் தாக்கியும் தடுத்தும் ஓடியும் ஒளிந்தும் ஆடும் அதிரடி ஆட்டத்தைப் பற்றியே.

அவ்வாட்டத்தின் மீதும் தில்லி அரசு கைவைத்ததுண்டு. நூற்றுவர் ஒரு தீவில் இறங்கி ஒருவர் எஞ்சும்வரை பொருதும் ‘பப்சி’ என்னும் ஆட்டம் 2020 செபுதம்பர் 2இல் வேறு பல செயலிகளோடு சேர்த்துத் தடைசெய்யப்பட்டது. 2021 சூலையில் அதே ஆட்டம் இந்தியாவின் பெயரைத் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டு மீண்டும் வந்தது. 2022 சூலையில் மறுபடியும் முடக்கப்பட்டது. 2023 மே திங்களில் மறுபடியும் திறந்துவிடப்பட்டது. 2020இல் அதனை முடக்கியதற்குக் கரணியம் என்ன? நம் பிள்ளைகளின் உறக்கமா? அவர்தம் கல்வியா? அவர்தம் மொழியா? இவற்றுள் ஒன்றுமில்லை. சீனத்தோடு எல்லையில் ஏற்பட்ட பூசலும் அதன்வழி எழுந்த பாதுகாப்பு ஐயமுமே கரணியம். கதவை மூடியவனும் அவனே, திறந்தவனும் அவனே; உள்ளே இருந்த நம் பிள்ளையைப் பற்றி எவனும் எண்ணிப் பார்க்கவில்லை.

அண்மையில் உலகெங்கும் பேரொலியோடு வெளிவந்த மூன்று அதிரடித் திரையாட்டங்களை, அவற்றில் தேர்ந்த இளைஞர் சிலர் இயக்கிக் காட்ட, யாம் அமர்ந்து பார்த்தோம். இவற்றை ஆடுதற்குரிய ஆட்டப்பெட்டி ஏறத்தாழ ஐம்பதாயிரம் உருபா விலையுடையது. கரிசற்காட்டில் அதனை வைத்திருப்போர் மிகச் சிலரே. ஏனையோர் பிறர் ஆடுவதைத் திறன்பேசியிற் கண்டு மனத்தால் ஆடுகின்றனர். முதற்பார்வையில் எம் உள்ளத்திற் பட்டதை ஒளிக்காமல் உரைக்கின்றோம்.

முதலாவது, 2024 ஆகத்து 20இல் வெளிவந்த ‘பிளாக் மித்: ஊக்கோங்’. சீனத்துக் காங்சோ நகரில் ஒரு நிறுவனம் ஆக்கியது. மூன்றே நாளில் ஒரு கோடிப் படிகளுக்கு மேல் விற்றது. சீனரின் பழங்கதையாகிய ‘மேற்குச் செலவு’ என்பதில் வரும் குரங்கு மறவனே இதற்கு அடிப்படை. கதையில் அக்குரங்கு காத்துச் செல்லும் துறவிக்கு மூலமானவர் யுவான் சுவாங். அவர் 7ஆம் நூற்றாண்டில் நம் காஞ்சிக்கும் வந்து சென்றவர். ஆட்டத்திற் காணும் கோயில்களும் சிலைகளும் வெறுங் கற்பனையல்ல. சீனத்தின் உண்மையான பழங்கோயில்களை அளந்து படியெடுத்துத் திரையில் எழுப்பியிருக்கின்றனர். அவ்வாறு எடுக்கப்பட்ட 36 இடங்களுள் 27 சான்சி என்னும் ஒரே மாநிலத்தைச் சேர்ந்தவை. ஆட்டம் வெளிவந்தபின் அம் மாநிலக் கோயில்களுக்கு இளைஞர் கூட்டங் கூட்டமாகச் சென்றனர். அதனைக் கண்டபொழுது எம் நெஞ்சு கழுகுமலைக்கு ஓடியது. ஒரே பாறையை மேலிருந்து குடைந்து 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் செதுக்கிய வெட்டுவான் கோயில் அங்கே நிற்கின்றது. பாறை முகமெங்கும் சமணர் சிற்பங்கள் நிறைந்திருக்கின்றன. கோவிற்பட்டிப் பிள்ளைகளுள் எத்துணைப் பேர் அம்மலையில் ஏறியிருப்பர்? சான்சியின் கோயிலைத் திரையிற் கண்டு வாய்பிளக்கும் நம் பிள்ளைக்குப் பேருந்தில் சென்று திரும்பும் தொலைவிலுள்ள கழுகுமலை தெரியாது.

இரண்டாவது, 2025 மார்ச்சு 20இல் வெளிவந்த ‘அசாசின்சு கிரீடு: சேடோசு’. பிரெஞ்சு நிறுவனமாகிய யூபிசாப்ட்டு ஆக்கியது. களம் 16ஆம் நூற்றாண்டுச் சப்பான். அக்கால மாந்தர் எம்மொழி பேசினரோ அம்மொழியிலேயே, சப்பானியரைச் சப்பானியத்திலும் போர்த்துக்கீசியரைப் போர்த்துக்கீசியத்திலும் பேசவிட்டு ஆடும் வகையும் இதில் உண்டு. ஆட்டத்தில் ஒரு கோயிலின் உட்பொருள்களை ஆடுபவன் அடித்து நொறுக்க முடிந்தது. அது கண்டு சப்பானியர் கொதித்தனர். அந்நாட்டு நாடாளுமன்றத்திலேயே வினா எழுந்தது. தலைமையமைச்சர் எழுந்து விடை கூறினார். வெளியான அன்றே நிறுவனம் அப்பொருள்களை உடைக்கவியலாதவாறு திருத்தியது. ஓர் ஆட்டத்தில் தன் கோயிலுக்கு நேர்ந்த இழிவை நாடாளுமன்றத்தில் கேட்கும் இனம் அது! 2017இல் வெளிவந்த வேறோர் அமெரிக்க ஆட்டம் நம் மேற்குத் தொடர்ச்சிமலையையே களமாகக் கொண்டது. அதில் நம் மலையை எவ்வாறு காட்டினர் என்று இங்கு எந்த மன்றத்தில் எவர் கேட்டார்?

மூன்றாவது, 2025 அத்தோபர் 2இல் வெளிவந்த ‘கோசுட்டு ஆவ் யோத்தேய்’. ஆக்கியவர் அமெரிக்கர், களம் 1603ஆம் ஆண்டில் சப்பானின் வடதீவு. அத்தீவின் பழங்குடியாகிய அயினு மக்களின் வாழ்வையும், அவர்களை அறிந்தாரைக் கலந்துகொண்டே சேர்த்திருக்கின்றனர். இதிலும் இதற்கு முன் வந்த சூசிமாத் தீவின் ஆட்டத்திலும் எம்மை மிகவும் கவர்ந்தது ஒன்றுண்டு. செல்ல வேண்டிய வழியைக் காட்ட அம்புக்குறிகளால் திரையை நிரப்பவில்லை. காற்று வீசுகின்றது, புல் சாய்கின்றது, புல் சாயும் திசையே வழி. ஆடிக்காற்றில் கரிசற் காடு முழுதும் ஒருபுறமாகச் சாய்ந்து நிற்பதைக் கண்ட எவனுக்கும் இதன் அழகு புரியும். அவ்வழகை அமெரிக்கன் சப்பானிலிருந்து எடுத்துச் சென்று உலகுக்கு விற்றான். நம் காட்டின் காற்று இன்னும் வீணே வீசிக்கொண்டிருக்கின்றது.

இம்மூன்றையும் கண்டு யாம் உணர்ந்தது இதுவே: இவை வெறும் பொழுதுபோக்குகள் அல்ல, ஓரினத்தின் கதையையும் கோயிலையும் மொழியையும் காற்றையும் ஏற்றிச் செல்லும் ஊர்திகள். மூன்றனுள் ஒன்றிலேனும் தமிழில் ஓர் ஒலியோ ஓர் எழுத்தோ இல்லை. இதற்காக யாம் அயலான்மீது சினங்கொள்ளவில்லை. அவன் தன் பொருளை விற்க வந்தவன். கேட்டவனுக்குக் கேட்டதைக் கொடுக்கின்றான். கேளாதவன் குறைசொல்லல் ஆகாது.

பேசுவோர் தொகை மிகுந்தால்தான் ஆட்டத்தில் மொழி இடம்பெறும் என்று சொல்வார்க்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் தருவோம். 2014இல் அலாசுக்காவின் இனுப்பியாக்கு மக்கள், தம் முதியோர் சொன்ன கதையைத் தம் மொழியிலேயே உரைத்து ஓர் ஆட்டம் ஆக்குவித்தனர். அம்மொழி பேசுவோர் சில ஆயிரவரே. 2016இல் வெளிவந்த ‘பார் கிரை பிரைமல்’ என்னும் ஆட்டத்திற்காக மொழியறிஞர்களை அமர்த்தி, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னிருந்ததாகக் கருதப்படும் இந்தோ-ஐரோப்பிய மூலமொழியை அடிப்படையாகக் கொண்டு ஒரு மொழியையே புதிதாகக் கட்டி, நடிகர்க்குப் பயிற்றிப் பேசவைத்தனர். இன்று எவரும் பேசாத மொழிக்கு ஆட்டத்தில் வாய் கிடைத்தது. ஏழு கோடி மக்களுக்கு மேல் பேசும் உயிர்மொழி வாய்மூடி நிற்கின்றது. குறை மொழியிலா? மொழிக்குரியாரிடத்திலா?

நம்மவர் ஒன்றும் செய்திலர் என்று கூறுதலும் பொருந்தாது. கனடாவின் தொரன்றோ நகரில் ‘விசை’ என்று பெயர் சூட்டிக்கொண்ட சிறு குழு ஒன்று 2023 சூலையில் ஓர் ஆட்டத்தை வெளியிட்டது. அதன் பெயர் ‘வெண்பா’. புலம்பெயர்ந்த ஒரு தாயின் பெயர் வெண்பா; கணவன் பெயர் பாவலன்; மகன் பெயர் கவின். சிதைந்துபோன சமையற் குறிப்பேட்டைக் கொண்டு தாய் தன் ஊர் உணவை மீட்டெடுப்பதும், மகன் தன் மொழியினின்று விலகிச் செல்வதுமே கதை. 2024இல் பிரித்தானியத் திரைக் கழகத்தார் முதல் ஆட்டத்துக்குரிய பரிசை அதற்கு வழங்கினர். அதில் அதிரடி இல்லை. வாளும் வேலும் இல்லை. இட்டலித் தட்டும் பிரியாணிச் சட்டியுமே உள்ளன. ஆயினும் வெண்பா, பாவலன், கவின், விசை என்னும் நான்கு நல்ல தமிழ்ச் சொற்களை உலகெங்குமுள்ள இளைஞர் நாவில் அச்சிறு குழு ஏற்றிவிட்டது. கடல் கடந்த தமிழன் ஓர் இட்டலித் தட்டைக் கொண்டு செய்ததை, ஊரிலுள்ள தமிழன் தன் வேலையும் வாளையும் கொண்டு ஏன் செய்யவில்லை?

நம் அன்பர்களுள்ளேயே மூன்று தடைகளை எழுப்புவார் உளர். ஆட்டம் அயலது என்பர் ஒருசாரார். வளைகோற் பந்தாட்டமும் அயல்வழி வந்ததே. அதனைக் கைக்கொண்ட கோவிற்பட்டி இன்று வளைகோற் பந்தின் ஊர் என்றே பெயர்பெற்றுள்ளது. அவ்வூர்ப் பிள்ளையாகிய மாரீசுவரன் சத்திவேல் இந்திய அணியில் ஆடியிருக்கின்றார். மட்டையைக் கற்றவன் திரையைக் கற்கமாட்டானா? பொழுது கெடுகின்றது என்பர் மற்றொரு சாரார். உண்மையே. உலக நலவாழ்வு அமைப்பு அளவிறந்த ஆட்டப் பழக்கத்தை நோய்ப்பட்டியலில் சேர்த்து, 2022 முதல் அப்பட்டியல் நடைமுறைக்கு வந்துள்ளது. பெற்றோர் அளவு வரையறுத்தல் வேண்டும். இரவு உறக்கத்தைக் காத்தல் வேண்டும். ஆனால், அளவு கடந்து உண்பவனைத் திருத்தல் ஒரு வேலை. அனைவரும் உண்ணும் உணவை நல்லதாக ஆக்கல் மற்றொரு வேலை. ஒன்றைச் செய்தமையால் மற்றொன்று முடிந்துவிடாது.

கொலையே ஆட்டமாவதா என்பர் மூன்றாமவர். இஃது எண்ணத்தக்க வினா. இதற்கு விடை நம் இலக்கணத்திலேயே உள்ளது. போரைப் பற்றி இலக்கணம் வகுத்தவர் நாம். தொல்காப்பியம் புறத்திணையை ஏழாகவும், பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை பன்னிரண்டாகவும் வகுத்தன. ஆநிரை கவர்தல் வெட்சி. அதனை மீட்டல் கரந்தை. பகைநாட்டின்மேற் செல்லுதல் வஞ்சி. வருபவனை எதிர்த்து ஊன்றுதல் காஞ்சி. மதிலை வளைத்தல் உழிஞை. மதிலைக் காத்தல் நொச்சி. களத்தில் நேர்நின்று பொருதல் தும்பை, வெல்லுதல் வாகை. இன்றைய அதிரடி ஆட்டங்களில் வரும் படிநிலைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். கவர்வது, மீட்பது, முற்றுவது, காப்பது, பொருவது, வெல்வது என்னும் இவையன்றி வேறு உண்டா? அவன் எண்ணிட்டு வழங்கும் படிநிலைகளுக்கு நம் முன்னோர் பூக்களைப் பெயராகச் சூட்டி வைத்தனர். பூவைச் சூடிப் போருக்குச் சென்றவன், போரிலும் அறம் ஒன்றுண்டு என்று கருதினான். வலியற்றாரை விலகச் சொல்லிவிட்டே அம்பு தொடுத்தான் என்று புறநானூறு காட்டுகின்றது. கொல்பவற்றின் எண்ணிக்கையையே வெற்றியாகக் காட்டும் ஆட்டத்திற்கு மாற்று, ஆட்டமே வேண்டா என்பதன்று. எதன்பொருட்டுப் பொருகின்றோம் என்று ஆடுபவனைக் கேட்கும் ஆட்டமே மாற்று.

அத்தகைய ஆட்டத்திற்குக் களம் தேடி எங்கும் அலைய வேண்டுவதில்லை. கோவிற்பட்டியை அடுத்த இக்கரிசற் காட்டிலேயே அது கிடக்கின்றது. 1799 அத்தோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். அவன் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டான். 1801 பிப்பிரவரி 2இல் சிறையினின்று தப்பினான். வெள்ளையன் இடித்துத் தள்ளிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாள்களில் மண்ணால் மீண்டும் எழுப்பினான். மார்ச்சு 31இல் பீரங்கிகளோடு வந்த கும்பினிப் படை அம் மண்மதிலின்மேல் மோதித் தோற்றுப் பின்வாங்கியது. மேலும் படைகளும் பெரும் பீரங்கிகளும் வந்து சேர்ந்தபின், மே 24இல்தான் கோட்டை வீழ்ந்தது. நவம்பர் 16இல் ஊமைத்துரை அதே பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டான். உழிஞைக்கும் நொச்சிக்கும் இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு எந்நாட்டு வரலாற்றில் உண்டு?

இம்மண்ணின் இயல்பே ஓர் ஆட்டத்தின் விதியாகும் தன்மையுடையது. கரிசல் ஈரத்தில் உப்பிக் காலைப் பற்றும். வெயிலில் வெடித்துப் பிளக்கும். மழை பெய்தால் பீரங்கியின் உருளை புதையும். காய்ந்தால் குதிரையின் கால் வெடிப்பில் இடறும். உடைமரமும் பனையும் மறைவிடம் தரும். மண்ணை அறிந்தவன் வெல்வான், மண்ணை அறியாதவன் வீழ்வான் என்னும் ஆட்டத்தை, இம் மண்ணில் பிறந்தவனையன்றி வேறு எவன் சரியாக ஆக்க முடியும்?

ஊமைத்துரையைப் பற்றி, அவனை எதிர்த்துப் பொருத படையிலிருந்த வெல்சு என்னும் ஆங்கிலேயன் 1830இல் வெளிவந்த தன் நினைவு நூலில் வியந்து எழுதியிருக்கின்றான். பேசவியலாத ஊமைத்துரை, துரும்புகளை உள்ளங்கையில் பரப்பி அவற்றை ஆங்கிலப் படையாகக் காட்டுவானாம். பின் வாயால் ஓர் ஓசை எழுப்பி அவற்றைத் துடைத்தெறிவானாம். அதுவே தாக்குக என்னும் ஆணை. அவ்வொரு குறிப்பில் ஆயிரக்கணக்கானோர் எழுந்தனர். பேச்சில்லாத ஒருவன் ஆணையிட, வல்லரசு ஒன்று ஏறத்தாழ இரண்டு திங்கள் அவன் மதிற்புறத்தே காத்துக் கிடந்தது. பேச்சுள்ள நாமோ, ஒரு திறன்பேசியின் முன்னே நம் பேச்சை இழந்து, அயலான் சொல்லிக் கொடுத்த ஐந்தாறு கூச்சல்களைக் கூவிக்கொண்டிருக்கின்றோம்.

செய்ய வேண்டியவை யாவை? மூன்றினைச் சொல்வோம்.

முதலாவது, சொல். கோவிற்பட்டிக்கு மேற்கேயுள்ள சங்கரன்கோவிலில் 1902இல் பிறந்த மொழிஞாயிறு பாவாணர், சொல்லாராய்ச்சிக்கிடையே நம் விளையாட்டுகளையும் தொகுத்துத் தனி நூலாக எழுதிவைத்தார். விளையாட்டுச் சொல்லும் மொழியின் செல்வம் என்று அவர் உணர்ந்திருந்தார். அவர் தொகுத்துக் காத்த பெயர்களை நாம் காக்கவில்லை. சடுகுடு என்னும் சொல்லை எழுதும் ஊர்ப் பலகைகள் இன்று மிகச் சிலவே. இடைசெவலில் பிறந்த கி. இராசநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொற்களை அகராதியாகத் தொகுத்தார். அதிலும் அள்ளிக்கொள்ள நிறைய உண்டு. திரையாட்டத்திற்குச் சொல் ஆக்குவோர் ஒன்றை மறத்தலாகாது. ஆட்டச் சொல் குறுகியதாக இருத்தல் வேண்டும். குண்டு பாயும் நேரத்தில் பிள்ளை நீண்ட தொடரைக் கூவமாட்டான். ‘என்மி’ என்பதற்குப் பகை; ‘கவர்’ என்பதற்குக் காப்பு; ‘ரிலோடு’ என்பதற்கு நிரப்பு; ‘லெவல்’ என்பதற்குப் படி; ‘மிசன்’ என்பதற்கு வினை; ‘டீம்’ என்பதற்கு அணி; ‘அட்டாக்’ என்பதற்குத் தாக்கு. இவற்றுள் நாவில் இடறும் சொல் ஏதேனும் உண்டா? நம் வீட்டுப் பிள்ளைகளிடம் இச்சொற்களை இன்றே கொடுத்துப் பாருங்கள். கடிந்து கொடாதீர்கள், அவர்களோடு ஓர் ஆட்டம் ஆடிக் கொடுங்கள்.

இரண்டாவது, தொழில். ஆட்டம் ஆக்கக் கோடிக்கணக்கிற் பணம் வேண்டும் என்று அஞ்சுதல் வேண்டா. பெரிய ஆட்டத்திற்குத்தான் அது வேண்டும். ‘கோதோ’ என்னும் ஆட்டப்பொறியும் ‘பிளெண்டர்’ என்னும் உருவாக்க மென்பொருளும் விலையின்றிக் கிடைக்கின்றன. எவரும் இறக்கிப் பயிலலாம். கோவிற்பட்டியிலேயே 1984 முதல் ஒரு பொறியியற் கல்லூரி இயங்குகின்றது. ஆண்டுதோறும் இப்பகுதியில் கணிப்பொறி கற்று வெளிவரும் இளைஞர் பலர் பெங்களூருக்கும் சென்னைக்கும் சென்று அயலான் கணக்கை எழுதுகின்றனர். அவர்களுள் ஐவர் ஒன்றுகூடி, ஒரே ஒரு படியாக, பாளையங்கோட்டைச் சிறையினின்று ஊமைத்துரை தப்பிய அந்த ஒரு நாளை மட்டும் தமிழிலே ஆட்டமாக்கட்டும். சிறிதாயினும் நம்முடையதாக இருக்கட்டும். விசைக் குழுவும் சிறிய குழுவே.

மூன்றாவது, அரசு. 1974இல் பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக்கோட்டை எழுப்பியது தமிழ்நாட்டரசு. அதே ஆண்டில்தான் பாவாணரை இயக்குநராகக் கொண்டு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டமும் தொடங்கப்பெற்றது. ஒருபுறம் கல்லால் கோட்டை, மறுபுறம் சொல்லால் கோட்டை. இன்றைய பிள்ளை நுழையும் கோட்டையோ திரையால் ஆயது. அதனைக் கட்டத் தமிழில் ஆட்டம் ஆக்குவோர்க்கு நல்கை வழங்குதலும், அகரமுதலி இயக்ககத்தின் வழி ஆட்டச் சொற்களைத் தொகுத்து வெளியிடுதலும், கழுகுமலை போன்ற இடங்களை அளந்து படியெடுத்து ஆக்குவோர் எடுத்தாளத் திறந்து வைத்தலும் அரசின் கடன். அயல்நாட்டு ஆட்டங்கள் தமிழ்நாட்டில் விற்கும்பொழுது தமிழ் எழுத்தேனும் இருக்கட்டும் என்று அரசும் கேட்கட்டும், வாங்குவோரும் கேட்கட்டும்.

கேட்டால் கிடைக்குமா என்று ஐயுறுவோர்க்குக் கோவிற்பட்டியே சான்று. அயலிலிருந்து மலிவான தீமூட்டிகள் வந்து குவிந்து தீப்பெட்டித் தொழிலை நெருக்கின. உழைப்போரும் உரிமையாளரும் ஒன்றாகக் குரல் கொடுத்தனர். தமிழ்நாட்டரசும் தில்லிக்கு எழுதியது. 2023 சூன் திங்களில் இருபது உருபாவுக்குக் குறைந்த தீமூட்டிகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. தன் பெட்டியிலிருந்த தீக்குச்சிக்காக எழுந்த ஊர், தன் பிள்ளையின் நாவிலிருந்த சொல்லுக்காக எழாதா? ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. தீப்பெட்டியைக் காக்கத் தடையொன்று போதுமானதாயிற்று. மொழியைத் தடையால் மட்டும் காத்துவிட முடியாது. ஆக்கத்தாலேயே காக்க முடியும்.

இளைஞர்களே! உங்கள் கையிலிருக்கும் கருவியை எறிந்துவிடுங்கள் என்று யாம் கூறவில்லை. அக்கருவியில் நீங்கள் ஆடுவது யாருடைய போர் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சீனன் தன் குரங்கு மறவனோடு வருகின்றான். அமெரிக்கன் சப்பானின் காற்றைச் சுமந்து வருகின்றான். பிரெஞ்சுக்காரன் பிறன் கோயிலைக் கட்டிக்கொண்டு வருகின்றான். கரிசற் காட்டு மண்மதிலின்மேல், உள்ளங்கையில் துரும்புகளை ஏந்தியபடி, ஊமைத்துரை ஆணையிடக் காத்து நிற்கின்றான். அவனுக்குத் திரை கொடுங்கள். அவன் படைக்குத் தமிழ் கொடுங்கள்.

ஆட்டம் நமதாகட்டும்! ஆடும் மொழி தமிழாகட்டும்!